பத்து நாள் மாத்திரை

சவரிராயன் டாக்டர் தமது அறுபதாவது வயதில் மாணவரானார். ஆசிரியைக்கு நாற்பத்திரண்டு வயது. பெயர் மெஹருன்னிசா. இருவரும் படித்தது ஒரே படிப்புதான். அவர் பட்டம் வாங்கிய வருஷம் இந்த அம்மாள் ஒன்றாம் வகுப்பில் சிலேட்டு உடைத்துக்கொண்டிருந்தார்.

முப்பது வருஷம் சவரிராயனுக்குக் கைராசிக்காரர் என்று பெயர். ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேர் பார்ப்பார். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடிப்பதற்குள் சீட்டைக் கிழிக்கிற சத்தம் கேட்டுவிடும். ஊர் அதைத்தான் திறமை என்று சொன்னது. அவரும் மறுக்கவில்லை. முதுகுவலி வந்து கிளினிக்கை மூடியபோது பத்துப் பதினைந்து பேர் வாசலில் நின்று அழுதார்கள்.

மூடி இரண்டு வருஷம் கழித்து ஒருநாள், சாப்பிட உட்கார்ந்த அவர் மனைவி ரோஸ்லின் தன் மாத்திரைகளை மேஜையில் பரப்பினாள். ஒன்பது இருந்தன. ஏழு அவர் எழுதியவை.

"இதுல எதை நிறுத்தலாம்?"

அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். அன்று மத்தியானம் பழைய புத்தகங்களை எல்லாம் புரட்டினார். ஒரு மருந்தை எப்போது கொடுக்கலாம் என்று எழுதியிருந்தது. எப்போது எடுத்துவிடலாம் என்பதை யாரும் அவரிடம் பரீட்சையில் கேட்டதில்லை. அறுபது வயதில் அது தெரிந்தபோது அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மறுநாள் பஸ் ஏறினார். இரண்டு மணி நேரப் பயணம். மருந்தைக் குறைக்கிற டாக்டரம்மா என்று மெஹருன்னிசாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். அந்த ஊர் மெடிக்கல் ஷாப்காரர்கள் மட்டும் அவரைப் பற்றி வேறுமாதிரி சொல்வார்கள்.

"எனக்கு மருந்து எழுதத் தெரியும் மேடம். நிறுத்தத் தெரியாது. கத்துக்கொடுங்க."

மெஹருன்னிசா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "அந்தப் பேனாவைக் கொடுங்க சார்."

சட்டைப் பையில் இருந்த பேனா, முப்பது வருஷத்துப் பழக்கம். தயங்கித்தான் கொடுத்தார். அம்மாள் அதை மேஜை இழுப்பறையில் போட்டு மூடினார்.

"நாளைக்கு எட்டரைக்கு வாங்க."

*

அந்தக் கிளினிக்கில் ஒரு வழக்கம் உண்டு. முதல்முறை வருகிறவர்கள், வீட்டில் விழுங்குகிற மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துவர வேண்டும். ஃபிரிட்ஜ் மேலே இருப்பது, அடுக்களையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருப்பது, பக்கத்து வீட்டுக்காரி நன்றாகக் கேட்கும் என்று கொடுத்தது எல்லாம். வந்ததும் பையை ஒரு பெரிய எவர்சில்வர் தட்டில் கொட்டவேண்டும்.

தட்டுக்கு எதிரே ஸ்டூலில் சவரிராயன். அவருக்கு மூன்று கேள்விகள் கொடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு மாத்திரைக்கும் அந்த மூன்றையும் கேட்கவேண்டும்.

யார் கொடுத்தது? எதற்குக் கொடுத்தது? எப்போது நிறுத்தச் சொன்னார்கள்?

கேட்டுவிட்டு, எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று மாத்திரைகளைத் தட்டில் வரிசையாக அடுக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை. கடைசியில் தட்டைத் துடைத்துவைக்க வேண்டும்.

முதல் வாரம் அவருக்குக் கோபமாக வந்தது. இதற்கு டாக்டர் எதற்கு, யாராவது போதாதா என்று நினைத்தார். இரண்டாவது வாரம் கோபம் குறைந்தது. முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் வந்துவிடுகிறது, மூன்றாவதற்கு மட்டும் எல்லோரும் ஒரேமாதிரி முழிக்கிறார்கள் என்பதைக் கவனித்தார். அது அவருக்கு ஒருமாதிரி இருந்தது.

மூன்றாவது வாரம் கேட்டார்.

"மேடம், ஒரு டாக்டர் செய்யக்கூடிய பெரிய தப்பு எது? மருந்தை மாத்தி எழுதறதா?"

மெஹருன்னிசா ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"தட்டை இன்னும் துடைக்கல சார்."

அவர் துடைத்தார். தமது வயதுக்குக் கொஞ்சம் மரியாதை வேண்டாமா என்று நினைத்துக்கொண்டே துடைத்தார்.

*

ஐந்தாவது வாரம் ஒரு திங்கட்கிழமை, கருத்தப்பாண்டி வந்தார். நாற்பத்தெட்டு வயது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இருபது வருஷமாக டீ மாஸ்டர். கூட மனைவி அன்னத்தாய். அவர் உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டார்.

"கையை எடுங்க," என்றார் மெஹருன்னிசா.

எடுத்தார். இரண்டு கையும் ஆடின. வலது புறங்கையில் பால் கொட்டி வெந்த தழும்பு இருந்தது.

"டீயை ஒரு கையால தூக்கி ஊத்தி ஒரு கையில பிடிப்பாக," என்றாள் அன்னத்தாய். "ஒரு சொட்டு கீழ விழாது. வெளியூர்க்காரங்க நின்னு பாத்துட்டுப் போவாக. இப்ப டம்ளரு கழுவச் சொல்லிட்டாரு முதலாளி. அதுவும் போன வாரம் எட்டு டம்ளரு உடைஞ்சுபோச்சு. இனி வரவேண்டாம்னு சொல்லிருவாரோன்னு இருக்கு."

கருத்தப்பாண்டியின் முகத்தில் எந்த அசைவும் இல்லை. டீ ஆற்றும்போது வருகிறவர் போகிறவர் எல்லோரையும் வம்புக்கு இழுக்கிற மனுஷன் என்று அவள்தான் சொன்னாள்.

"பையைக் கொட்டுங்க," என்றார் சவரிராயன்.

ஐந்து வகை மாத்திரைகள் விழுந்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டார். தூக்க மாத்திரை: கெட்ட கனவு கண்டு கத்துகிறார் என்று கொடுத்தது. கெட்ட கனவு எப்போதிலிருந்து? நடுக்கத்துக்கு மாத்திரை ஆரம்பித்த பிறகு. குமட்டலுக்கு ஒன்று. குமட்டல் எப்போதிலிருந்து? அதுவும் நடுக்க மாத்திரைக்குப் பிறகு. மலச்சிக்கலுக்கு ஒன்று, அதுவும் அதற்குப் பிறகு. மனசு சரியில்லாமல் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறார் என்று ஒன்று, அது நடுக்கத்துக்கும் முந்தியது. நான்கு டாக்டர்கள், மூன்று ஊர்கள்.

சவரிராயனுக்கு உள்ளுக்குள் உற்சாகம் பிறந்தது. வரிசை பளிச்சென்று விழுந்திருந்தது. மாத்திரை செய்த வேலைக்கு மாத்திரை, அதற்கு இன்னொரு மாத்திரை. ஐந்து வாரத்தில் வேலை படிந்துவிட்டது என்று நினைத்தார். தட்டை ஆசிரியை பக்கம் திருப்பி வைத்தார்.

மெஹருன்னிசா பார்த்தார்.

"முதல் மாத்திரை வரல," என்றார்.

"அஞ்சுதான் இருக்கு மேடம்."

"திடமா இருந்த மனுஷன் முதல்ல சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கார். அப்புறம் கை நடுங்கியிருக்கு. ரெண்டுக்கும் முன்னாடி ஒண்ணு இருக்கணும்." அன்னத்தாயிடம் திரும்பினார். "வேற எதுவும் சாப்பிடுறாரா?"

"இல்லம்மா. நோவுக்கு இவ்வளவுதான்."

"நோவுக்கு இல்லாம?"

அன்னத்தாய் சிரித்தாள். உள்ளே வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. "அது வேற. அது நல்ல மாத்திரை. தலசுத்தலுக்கு. அது ஒண்ணுதான் இவுகளுக்கு ஒழுங்காக் கேக்குது. நாலு வருஷமா ஒரு நாளு விட்டதில்ல."

"அதை மத்த டாக்டருங்ககிட்ட காட்டினீங்களா?"

"எதுக்கு? நோவுன்னு போனா நோவு மாத்திரையத்தானே காட்டுவோம். நல்லா இருக்கதை எதுக்குக் காட்ட?"

கைப்பையைத் திறந்து, மஞ்சள் துணியில் முடிந்திருந்ததை எடுத்தாள். ஒரு மாத்திரை அட்டை. அதோடு ஒரு சீட்டு, லேமினேட் செய்தது. ஒரு மூலையில் குங்குமப் பொட்டு வைத்திருந்தது.

"கசங்கிரும்னு ஒட்டி வாங்கிட்டேன்," என்றாள். "சாமி மாடத்துல இருக்கும். கைராசி டாக்டரு எழுதுனது. இதைக் காட்டுனா எந்த மருந்துக்கடையிலயும் மறு பேச்சு பேசாமக் குடுப்பாக."

சவரிராயன் கையை நீட்டி வாங்கினார்.

பிளாஸ்டிக்குக்கு உள்ளே அவருடைய பெயர் இருந்தது. அவருடைய பட்டம், கிளினிக் நேரம், ஞாயிறு விடுமுறை. கீழே அவருடைய கையெழுத்து. ஒரே ஒரு மருந்து. பக்கத்தில் தெளிவாக, பத்து நாள் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

அவருக்குக் காது அடைத்தது. எதிரே இருந்த இருவரும் வாயசைப்பது தெரிந்தது, என்ன பேசினார்கள் என்பது கேட்கவில்லை. அந்த மாத்திரையை வருஷக்கணக்கில் தின்றால் சிலருக்கு மனசு சோர்ந்துபோகும், கை நடுங்கும் என்பது அவருக்குத் தெரியும். நேற்றுத் தெரிந்ததல்ல, கல்லூரியிலேயே தெரியும். கருத்தப்பாண்டியின் முகத்தைப் பார்த்தார். இந்த முகத்தை எங்கேயும் பார்த்த ஞாபகம் வரவில்லை. அதுதான் அவரை இன்னும் உலுக்கியது. பார்க்காமல்தான் எழுதியிருக்கிறார்.

அவர்களும் அவரை அடையாளம் காணவில்லை.

மெஹருன்னிசா சீட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பெயரைப் படித்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"கேள்வியைக் கேளுங்க சார்."

சவரிராயன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒவ்வொரு மாத்திரைக்கும் மூணு கேள்வி. ரெண்டுக்குப் பதில் வந்துடுச்சு. மூணாவது பாக்கி."

சவரிராயன் அன்னத்தாய் பக்கம் திரும்பினார். "இதை... எப்போ நிறுத்தச் சொன்னாரு?"

"நிறுத்தச் சொல்லலியே," என்றாள் அன்னத்தாய். "சொல்லியிருந்தா நிறுத்தியிருப்போமே."

"பத்து நாள்னு போட்டிருக்கே."

"ஆமா. பத்து நாளைக்குத்தான் குடுப்பாக. பத்து மாத்திரை. அது தீர்ந்ததும் அடுத்த பத்து வாங்குவோம். ஒரு தடவ கூடப் பதினொண்ணு வாங்குனதில்ல. டாக்டரு சொன்ன கணக்கு தப்பக்கூடாதுல்லா."

அதை அவள் பெருமையாகச் சொன்னாள்.

"அந்த டாக்டர் உங்ககிட்ட என்ன பேசினார்?" என்று கேட்டார் மெஹருன்னிசா.

இந்தத் தடவை கருத்தப்பாண்டியே பேசினார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. "தல சுத்துதுன்னேன். எழுதுனாக. அவ்வளவுதான். கூட்டம் அப்படி. குனிஞ்சு எழுதிக்கிட்டே இருந்தாக. உச்சந்தலைதான் தெரிஞ்சுது. பெரிய டாக்டரு."

"அன்னைக்கு ஏன் தலை சுத்துச்சு?"

"சித்திர மாசம். பாய்லரு பக்கத்துல நிக்கணும். விடியமுன்ன கடை திறந்தா பதினோரு மணி வரைக்கும் வெறும் டீதான். சாப்பிட நேரம் கிடையாது."

"இப்போ?"

"இப்ப இவ அஞ்சு இட்லி தின்னாம விடமாட்டா."

"அது எப்போ ஆரம்பிச்சது?"

"கைராசி டாக்டரு பாத்துட்டு வந்த மறுநாளே," என்றாள் அன்னத்தாய். "மாத்திரைய வெறும் வயித்துல போடக்கூடாதுல்லா."

மெஹருன்னிசா நிதானமாக விளக்கினார். தட்டில் இருப்பதை எல்லாம் ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, ஆபத்து. முதலில் தலைசுற்றல் மாத்திரை மட்டும். பிறகு மற்றவை, ஒவ்வொன்றாக, தாம் சொல்கிறபோது. கை நிதானத்துக்கு வர மாதக்கணக்காகும். முழுசாக வந்துவிடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் இந்த மாத்திரை உள்ளே போகிற வரைக்கும் வரவே வராது.

அன்னத்தாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் அந்த லேமினேட் சீட்டை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"நீங்க சொல்லுதபடியே மத்த அஞ்சையும் குறைச்சுக்கிடுதோம்மா. இதை மட்டும் விடமாட்டோம்."

"இதுதான்ம்மா முதல்ல போகணும்."

"இது அவுக குடுத்தது. அவுகளக் கேக்காம நிறுத்தி, திரும்பத் தல சுத்தி, கொதிக்கிற பாய்லரு மேல விழுந்தாகன்னா? நாலு டாக்டரு குடுத்ததுல ஒண்ணும் கேக்கல. இது ஒண்ணுதான் கேட்டுச்சு. அவுக வாயால நிறுத்துன்னு சொன்னா இந்த நிமிஷம் நிறுத்திருவேன். அவுக கிளினிக்கைப் பூட்டிட்டாக. எங்க போய்த் தேடுவேன்?"

அவள் குரலில் பிடிவாதம் இல்லை. பயம் இருந்தது. சவரிராயனுக்கு அது புரிந்தது. மெஹருன்னிசா எவ்வளவு சொன்னாலும் நாளைக் காலை இட்லி முடிந்ததும் அந்த மாத்திரை கருத்தப்பாண்டியின் வாய்க்குள் போகும். மறுநாளும் போகும். பத்து தீர்ந்தால் இன்னொரு பத்து வரும்.

ஆசிரியையைப் பார்த்தார். அவர் இவருக்காக ஒன்றும் சொல்வதாகத் தெரியவில்லை.

"நான்தாம்மா அந்த டாக்டர்," என்றார் சவரிராயன்.

அன்னத்தாய் அவரைப் பார்த்தாள். கருத்தப்பாண்டியும் பார்த்தார். இருவர் முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை.

"நான்தான் சவரிராயன். இது நான் எழுதினது. நிறுத்திடுங்க. அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

அன்னத்தாய் மரியாதையாகச் சிரித்தாள். "எங்களுக்காகச் சொல்லுதீக. நல்ல மனசு சார் உங்களுக்கு."

"உண்மையாத்தான் சொல்றேன்."

"அவுகளா இருந்தா இவ்வளவு நேரம் எங்ககூட உக்காந்து பேசுவாகளா?" என்றாள். "நீங்க ஒவ்வொரு மாத்திரையாக் கேக்கீக. அவுகளுக்கு அப்படிப் பேச ஏது நேரம்?"

சவரிராயன் மெஹருன்னிசா பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"மேடம், என் பேனா."

இழுப்பறை திறந்து மூடியது. பேனா அவர் கைக்கு வந்தது. ஐந்து வாரம் கழித்து விரல்கள் அதைச் சுலபமாகப் பிடித்துக்கொண்டன.

"அந்தச் சீட்டைக் கொஞ்சம் கொடும்மா. என் கையாலயே அடிச்சுக் கையெழுத்துப் போடறேன். எழுத்து ஒண்ணா இருக்கான்னு நீயே பாரு."

அவள் தயங்கிக் கொடுத்தாள். அவர் தட்டின் மேல் வைத்து, மருந்தின் பெயருக்குக் குறுக்கே அழுத்திக் கோடு போட்டார்.

பேனா வழுக்கியது. மை பிடிக்கவில்லை. இன்னொரு முறை போட்டார். ஒரு நீலப் பொட்டு திரண்டு உருண்டு, பிளாஸ்டிக் மேல் நின்றது. கட்டைவிரல் பட்டதும் அதுவும் போய்விட்டது. உள்ளே அவருடைய பழைய எழுத்து, நாலு வருஷத்துக்கு முன்னால் எழுதிய அன்று இருந்ததுபோலவே, ஒரு கசங்கல் இல்லாமல் இருந்தது.

மூன்றாவது முறை அழுத்தினார். கருத்தப்பாண்டி அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற பேனா இருக்கா மேடம்?"

மெஹருன்னிசா நாற்காலியை விட்டு எழுந்தார். வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு கதவருகே போனார்.

"எந்தப் பேனாவாலும் முடியாது சார். வெளிய இருக்கிறவங்களை வராண்டாவுல வச்சு நான் பார்த்துக்கறேன். நீங்க அந்த ஸ்டூலை இவங்க பக்கத்துல இழுத்துப் போட்டு, முகத்தைப் பார்த்துப் பேசுங்க. அவங்க நம்பற வரைக்கும் எழுந்திரிக்காதீங்க."